மம்மி என்னும் சொல்

எகிப்து நாட்டின் பழம்பெருமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மூன்று செய்திகள் உடனே நம் நினைவுக்கு வருகின்றன. ஒன்று நைல் நதி, மற்றொன்று பிரமிடு, மூன்றாவது மம்மி. இவற்றுள் மம்மி என்பது எம்மொழிச் சொல் என்று வினவினால், எகிப்திய மொழிச் சொல்லே என்று பலரும் தயங்காமல் விடை கூறுவர். அவ்விடை பொருத்தமாகத் தோன்றினும் உண்மை அன்று. பிரமிடுகளைக் கட்டிய எகிப்தியர் இச்சொல்லை அறியார். இறந்தோர் உடலைக் கெடாமல் காக்கும் கலையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேர்ந்திருந்த அம்மக்கள், அவ்வுடலுக்கு முற்றிலும் வேறான பெயர் வைத்திருந்தனர். நாம் வழங்கும் பெயரோ பாரசீகத்தில் பிறந்து, அராபிய வைத்திய நூல்களில் வளர்ந்து, ஐரோப்பிய மருந்துக் கடைகளில் பொருள் மாறி, ஆங்கிலத்தின் வழியே நம்மை வந்தடைந்தது.

இந்நெடும் பயணத்தின் இடையே ஒரு பொருள்மயக்கம் நேர்ந்தது. அம்மயக்கம் ஏட்டோடு நின்றிருந்தால் அது சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டுமே உரிய செய்தியாக இருந்திருக்கும். ஆனால் அது கல்லறைகளைத் தோண்டச் செய்தது. இறந்த மனிதரை எடைபோட்டு விற்கச் செய்தது. ஆகவே இச்சொல்லின் வரலாற்றைச் சிறிது விரிவாகவே காண்போம்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்கிவிடுதல் நலம். நகரத்துக் குழந்தைகள் சிலர் தாயை அழைக்கும் ‘மம்மி’க்கும் இச்சொல்லுக்கும் உறவு ஏதும் இல்லை. அது மழலை வாயில் இயல்பாகப் பிறக்கும் ஒலி. இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளால் எழுதப்படுவது தற்செயலே.

நமது சொல்லின் வேர் பாரசீக மொழியின் ‘மூம்’ என்னும் சொல்லில் இருப்பதாக அறிஞர் கொள்வர். மூம் என்றால் மெழுகு. இச்சொல் நம் நாட்டுக்கும் புதியதன்று. இந்தியிலும் உருதுவிலும் மெழுகை ‘மோம்’ என்பர். மெழுகுவர்த்தியை ‘மோம்பத்தி’ என்பர். மின்சாரம் நின்றுபோன இரவில் தில்லிக் கடைத்தெருவில் மோம்பத்தி வாங்குகிறவர், எகிப்திய மம்மியின் மூதாதையை வாயால் உச்சரிக்கிறார் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆனால் அதில் மிகை இல்லை.

மெழுகைக் குறித்த மூம் என்னும் சொல்லிலிருந்து ‘மூமியா’ என்னும் சொல் பிறந்தது. பாரசீக மலைப் பிளவுகளில் கசிந்து உறையும் கறுத்த கனிப்பொருள் ஒன்றுக்கு அது பெயராயிற்று. இளஞ்சூட்டில் மெழுகைப்போல் இளகும் அப்பொருள், நாம் நிலக்கீல் என்று கூறும் வகையைச் சேர்ந்தது. தென்பாரசீகத்தில் தாராப்கிர்து என்னும் ஊரை அடுத்த மலையில் கிடைத்த மூமியா மிக உயர்ந்ததெனக் கருதப்பட்டது. அது அரசனின் உடைமையாகக் காவலில் வைக்கப்பட்டிருந்தது என இடைக்கால அராபியப் புவிநூலார் எழுதியுள்ளனர். எலும்பு முறிவுக்கும் உட்காயத்துக்கும் அது கைகண்ட மருந்து என்பது அக்கால வைத்தியரின் நம்பிக்கை. மலையில் கசிவதை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடமும் உண்டு. வடநாட்டார் சிலாஜித்து என்றும், தமிழ் வைத்தியர் கன்மதம் என்றும் வழங்கும் சரக்கு அத்தகையது. கல்லிலிருந்து ஊறும் மதம் கன்மதம். மத்திய ஆசிய நாடுகளில் இத்தகைய மலைச்சரக்கு இன்றும் ‘மூமியோ’ என்னும் பெயரால் விற்கப்படுகிறது. அங்கே அச்சொல் தன் பழைய பொருளை இழக்கவில்லை.

பிணத்தோடு எத்தொடர்பும் இல்லாத இச்சொல் எகிப்தியக் கல்லறைக்குள் புகுந்தது எவ்வாறு? கி.பி. முதல் நூற்றாண்டில் தியோஸ்கோரிடீஸ் என்னும் கிரேக்க வைத்தியர் மருந்துச் சரக்குகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று இயற்றினார். அதில் நிலக்கீல் வகை ஒன்றின் மருத்துவக் குணங்களையும் விளக்கியிருந்தார். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் அந்நூல் அராபிய மொழியில் பெயர்க்கப்பட்டது. அராபிய வைத்தியர் கிரேக்க நூல் கூறிய கீலையும் தாம் அறிந்த பாரசீக மூமியாவையும் ஒன்றாகவே கருதினர். அதுவரையில் குற்றம் ஏதும் இல்லை. ஆயின் எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த பழைய உடல்களின் மண்டையோட்டிலும் வயிற்றறையிலும் கறுத்துப் பளபளக்கும் ஒரு பொருள் இறுகிக் கிடந்தது. பார்வைக்கு அது மூமியாவைப்போலவே இருந்தது. மலைச்சரக்கு அரியது, விலை மிக்கது. கல்லறைச் சரக்கோ எளிதில் கிட்டுவது. ஆகவே பின்னதற்கும் மூமியா என்றே பெயர் வழங்கலாயிற்று.

1200-ஆம் ஆண்டையொட்டி எகிப்தில் தங்கியிருந்த பாக்தாத் அறிஞர் அப்துல் லத்தீப், தாம் கண்டவற்றை ஒரு நூலாக எழுதி வைத்தார். கல்லறை உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட மூமியா எகிப்தில் மிக மலிவாக விற்கப்பட்டதையும், அச்சரக்கு நிரம்பிய மூன்று தலைகளைத் தாம் அரைத் திர்ஹத்துக்கு வாங்கியதையும் அவர் குறிப்பிடுகிறார். எனினும் அவ்வறிஞர் தெளிவிழக்கவில்லை. உண்மையான மூமியா மலையில் கிடைப்பது. இஃது அதற்கு மாற்றாகக் கொள்ளப்படுவது என்று வேறுபடுத்தியே கூறினார்.

அத்தெளிவு ஐரோப்பாவுக்குச் சென்று சேரவில்லை. அராபிய வைத்திய நூல்கள் லத்தீன் மொழியில் பெயர்க்கப்பட்டபோது மூமியா என்னும் சொல் அப்படியே எடுத்தாளப்பட்டது. உடலினுள் இருந்த பொருளுக்கு மூமியா என்று பெயரிருந்தது. படிப்பவர் அவ்வுடலையே மூமியா என்று கொண்டனர். குடத்தில் உள்ள நெய்யைக் கேட்டவன் குடத்தையே உடைத்துத் தின்னத் தொடங்கியது போலாயிற்று. நிலக்கீலுக்கு மருந்துக்குணம் உண்டென்பது பழைய நம்பிக்கை. உலர்ந்த மனிதத் தசைக்கே அக்குணம் உண்டென்பது புதிய நம்பிக்கை. அலெக்சாந்திரியாத் துறைமுகத்திலிருந்து முழு உடல்களும் உடற்பகுதிகளும் மூட்டை மூட்டையாகக் கப்பலேறின. பொடி செய்யப்பட்டு ஐரோப்பிய மருந்துக் கடைகளில் சாடிகளில் இடம்பெற்றன. பிரான்சு நாட்டு மன்னர் முதலாம் பிரான்சிஸ், விபத்து நேர்ந்தால் உதவுமென்று இப்பொடியை எப்போதும் உடன் கொண்டு செல்வார் என்று அக்காலத்தார் எழுதி வைத்துள்ளனர். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் சூனியக்காரிகள் கொப்பரையில் இட்டுக் காய்ச்சும் சரக்குகளில் மம்மியும் ஒன்று. அந்நாடகத்தைக் கண்டு களித்தவர்கள் அதனை மருந்துச் சரக்கின் பெயராகவே கேட்டிருப்பர். ஏனெனில் ஆங்கிலத்தில் 1400-ஆம் ஆண்டளவிலேயே இச்சொல் மருந்தின் பெயராக வழங்கத் தொடங்கிவிட்டது. காக்கப்பட்ட உடலைக் குறிக்கத் தொடங்கியது 17-ஆம் நூற்றாண்டிலேயாகும்.

தேவை பெருகினால் போலிச் சரக்கும் பெருகும் என்பது வாணிக இயல்பு. 1564-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவுக்குச் சென்ற கீ த லா போன்தேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர், மம்மி வணிகன் ஒருவனின் கிடங்கில் உடல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அவை பண்டைய உடல்கள் அல்ல என்றும், அண்மையில் இறந்த அடிமைகள் முதலானோரின் உடல்களைத் தானே பதப்படுத்தியதாகவும் அவ்வணிகன் ஒளிவின்றிச் சொன்னான். இச்செய்தியைத் தம் நூலில் எடுத்துரைத்தவர், அக்காலத்தின் தலைசிறந்த அறுவை வைத்தியரான அம்புரோவாஸ் பாரே. 1582-இல் வெளிவந்த அந்நூலில், மம்மி மருந்தால் நோயாளிக்கு நன்மை ஏதும் இல்லை, தீமையே உண்டு என்று அவர் வன்மையாக மறுத்துரைத்தார். எனினும் மருந்துக் கடைச் சாடிகள் உடனே காலியாகிவிடவில்லை. ஜெர்மனி நாட்டின் மெர்க் நிறுவனத்து விலைப்பட்டியலில் எகிப்திய மம்மி 1924-ஆம் ஆண்டில்கூட இடம்பெற்றிருந்தது.

சரக்கு என்று ஒருமுறை பெயர்பெற்றுவிட்ட பின்னர் அதன் பயன்கள் மருந்தோடு நிற்கவில்லை. மம்மியை அரைத்து எண்ணெயில் குழைத்துப் பழுப்பு வண்ணம் செய்தனர் ஓவியச் சாயம் விற்போர். அவ்வண்ணத்துக்கு ‘மம்மிப் பழுப்பு’ என்றே பெயர். அது மெய்யாகவே மனித உடலிலிருந்து செய்யப்படுவது என்று அறிந்த ஆங்கில ஓவியர் பர்ன்-ஜோன்ஸ், தம்மிடமிருந்த வண்ணக் குழலைத் தோட்டத்தில் முறைப்படி புதைத்துவிட்டார். லண்டனில் அவ்வண்ணத்தை விற்றுவந்த கடையில் சரக்குத் தீர்ந்துபோனது 1964-ஆம் ஆண்டளவில்தான். 1890-இல் எகிப்திலிருந்து சுமார் 19 டன் எடையுள்ள பூனை மம்மிகள் லிவர்பூல் துறைமுகத்தில் வந்திறங்கின. அவை வயலுக்கு உரமாக விற்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மாநகரில் நுழைவுச்சீட்டு விற்று, மக்கள் கூட்டத்தின் முன்னிலையில் மம்மிகளின் துணிக்கட்டைப் பிரித்துக் காட்டும் காட்சிகளும் நடைபெற்றன.

இச்சொல்லின் நிழல் நம் நாட்டிலும் விழுந்ததுண்டு. வடஇந்தியாவில் ‘மோமியாயி’ என்பது ஒரு மருந்தின் பெயர். சிறுவர்களைக் கவர்ந்து சென்று அவர்கள் உடலிலிருந்து இம்மருந்தை வடிக்கும் கொடியவர் உலவுகின்றனர் என்னும் வதந்தி 19-ஆம் நூற்றாண்டில் மக்களிடையே பரவியிருந்தது. மலையில் கசிந்த மெழுகு போன்ற பொருளின் பெயர், இவ்வாறு குழந்தைகளை அச்சுறுத்தும் சொல்லாகவும் மாறிற்று.

இனி, எகிப்தியர் தம் வாயால் வழங்கிய பெயர் யாது என்பதைக் காண்போம். அவர்களது சித்திர எழுத்தில் உயிரொலிகள் குறிக்கப்படுவதில்லை. ஆதலின் சரியான உச்சரிப்பை நாம் பெற இயலாது. அறிஞர் அதனை ‘சாஹ்’ என்று வாசிப்பர். முறைப்படி காக்கப்பட்டுச் சடங்குகள் நிறைவேறிய உடலுக்கு அது பெயர். அதே சொல் பெருமை, உயர்நிலை என்னும் பொருள்களையும் தரும். சாதாரணப் பிணத்துக்கு வேறு சொல் உண்டு. ஆகவே எகிப்தியரின் எண்ணப்படி சாஹ் என்பது இறந்த உடல் மட்டும் அன்று. இறப்பைக் கடந்து மேனிலை எய்திய ஒருவரின் வடிவம் அது.

எகிப்துக்குச் சென்ற கிரேக்கரோ வேறு கண்ணால் பார்த்தனர். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் இக்கலையை விரிவாக வருணித்துள்ளார். பொருள்வசதிக்கேற்ப மூவகை முறைகள் இருந்தன என்கிறார். அவர் கையாண்ட கிரேக்கச் சொல், உப்பிட்டுக் காக்கப்பட்ட பொருள் என்னும் கருத்துடையது. அதே சொல்லைக் கிரேக்கர் கருவாட்டுக்கும் வழங்கினர். எகிப்தியர்க்குப் பெருமைக்குரிய வடிவம், கிரேக்கர்க்கு உப்புக்கண்டம், ஐரோப்பியர்க்கு மருந்துச் சரக்கு. ஒரே உடலை மூன்று மொழிகள் எவ்வாறு நோக்கின என்பது இதனால் விளங்கும்.

கிரேக்கர் உப்பைக் குறிப்பிட்டது செயல்முறை அளவில் சரியே. உடலைக் காக்கும் தொழிலில் முதன்மையானது ஈரத்தை நீக்குவது. நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்துத் தனியே காத்தனர். இதயமே அறிவுக்கு இருப்பிடம் என்று நம்பியதால் அதனை உடலிலேயே விட்டுவைத்தனர். பின்னர் நாத்ரோன் என்னும் உவர்ப்பொருளால் உடலை மூடி ஏறத்தாழ 40 நாள் உலரவிட்டனர். கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள பள்ளத்தாக்கொன்றில் இயற்கையாகக் கிடைத்த சோடா உப்புகளின் கலவை அது. சோடியம் என்னும் தனிமத்தைக் குறிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அடையாள எழுத்து இந்த நாத்ரோன் என்னும் சொல்லிலிருந்தே வந்தது. உலர்ந்த உடலுக்கு எண்ணெயும் பிசினும் பூசி மெல்லிய சணல்நூல் துணியால் சுற்றினர். எல்லாச் சடங்குகளும் நிறைவேற 70 நாள் ஆகும்.

மேற்கூறிய பொருள்களுள் நிலக்கீலுக்கு முதலிடம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில், சிறப்பாகக் கிரேக்க ரோமானிய ஆட்சிக் காலத்தில், அது மிகுதியாகப் பயன்பட்டது உண்மை. ஆனால் பழைய உடல்களில் காணப்படும் கறுப்பின் பெரும்பகுதி, காலத்தால் கறுத்துப்போன மரப்பிசினே. ஆக, மூமியா என்று பெயரிட்டதற்கு ஆதாரமாக இருந்த பொருளே பல உடல்களில் இல்லை.

2016-ஆம் ஆண்டில் சக்காரா என்னும் இடத்தில் நிலத்தடியில் உடல் காக்கும் தொழிற்கூடம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அது கி.மு. 7, 6-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அங்குக் கிடைத்த மட்கலங்களில், உள்ளிருந்த சரக்கின் பெயரும் அதனை எங்கே பூசவேண்டும் என்னும் குறிப்பும் எழுதப்பட்டிருந்தன. கலங்களில் ஒட்டியிருந்த எச்சத்தை வேதியியல் முறையில் ஆராய்ந்த அறிஞர்கள் தம் முடிவை 2023-இல் வெளியிட்டனர். எகிப்திய மொழியில் ‘அந்தியு’ என்னும் சொல்லை வெள்ளைப்போளம் என்றே நூலோர் நெடுங்காலம் பெயர்த்து வந்தனர். அப்பெயர் எழுதிய கலங்களிலோ தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களின் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் கலந்த கலவை இருந்தது. அகராதிப் பொருளை மட்கலம் திருத்திய நிகழ்ச்சி இது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர் இதனை மறத்தல் ஆகாது. அதே கூடத்தில் குங்கிலிய வகைப் பிசினும் கண்டறியப்பட்டது. தென்னாசிய, தென்கிழக்காசிய மழைக்காடுகளில் வளரும் மரங்களிலிருந்து கிடைப்பது அது. நைல் நதிக்கரையில் இறந்த ஒருவரைக் காக்க, கீழ்க்கடல் நாடுகளின் காட்டுப் பிசின் பயன்பட்டிருக்கிறது.

உடலைச் சிலகாலம் காக்கும் முறையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். தசரதன் இறந்தபோது பரதன் வந்து சேரும் வரையில் அவன் உடல் எண்ணெய்த் தோணியில் வைக்கப்பட்டிருந்ததாக வால்மீகி இராமாயணம் கூறுகிறது. ஆனால் அங்கே நோக்கம் வேறு. மகன் வந்து தீமூட்டும் வரையில் காப்பதே அது, என்றென்றும் காப்பதன்று.

காலப்போக்கில் மம்மி என்னும் சொல் எகிப்தின் எல்லையைக் கடந்தது. தென்னமெரிக்காவில் சிலி நாட்டுக் கடற்கரையில் வாழ்ந்த சின்சோரோ மக்கள், எகிப்தியர்க்கு நெடுங்காலம் முன்னரே, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன், இறந்தோர் உடலைக் காத்து வைத்தனர். அவையும் மம்மிகள் எனப்படுகின்றன. மருந்தே இடாமல் குளிராலும் வறட்சியாலும் தாமே உலர்ந்த உடல்களுக்கும் இப்பெயரே வழங்குகிறது. இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதி வட்டாரத்துக் கியூ என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பௌத்தத் துறவி ஒருவரின் உடல் அமர்ந்த நிலையில் உள்ளது. 1975-இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின்னர் அது வெளிப்பட்டது. பயணக் குறிப்புகள் அவரை மம்மி என்கின்றன. ஊர் மக்களோ அவரைத் துறவியாகவே வணங்குகின்றனர்.

இவ்வேறுபாடே இன்று அறிஞர் உள்ளத்தை உறுத்துகின்றது. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் பொருட்காட்சி சாலைகள் சில, மம்மி என்று வாளா கூறுவதை விடுத்து, ‘மம்மியாக்கப்பட்ட மனிதர்’ என்று எழுத விரும்புவதாகச் செய்தி வெளிவந்தது. பழைய சொல்லை அவை விலக்கிவிடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவர் ஒருகாலத்தில் வாழ்ந்த மனிதர் என்பதைப் பார்ப்போர்க்கு நினைவூட்டுவதே நோக்கம். பெயர்மாற்றத்தால் என்ன பயன் என்று நகைத்தவர்களும் உண்டு. இச்சொல்லின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு நகைக்கமாட்டார்.

தமிழில் எழுதுவோர்க்கு இது மேலும் நெருங்கிய சிக்கல். ‘பாடம் செய்யப்பட்ட உடல்’ என்று எழுதுகிறோம். வேட்டையில் கொன்ற புலியையும் பாடம் செய்தது என்றே கூறுகிறோம். ‘பதனிடப்பட்ட உடல்’ என்றால் தோல் நினைவுக்கு வருகிறது. அன்றியும் நம் மொழியில் திணை என்பது ஒன்று உண்டு. உடல் அஃறிணை, மனிதர் உயர்திணை. மம்மி ‘இருக்கிறது’ என்பதா, மன்னர் ‘இருக்கிறார்’ என்பதா? ஆங்கிலத்தின் வினைச்சொல் இவ்வினாவை எழுப்புவதில்லை. தமிழில் வாக்கியத்தை முடிக்குமுன் நாம் விடை கண்டாக வேண்டும்.

நம் கருத்து இது. மம்மி என்னும் சொல் தமிழில் வேரூன்றிவிட்டது, அதனை அகற்றவேண்டியதில்லை. ஆயினும் பெயர் தெரிந்த இடத்தில் பெயரை முதலிற் கூறவேண்டும். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் கெய்ரோ நகர வீதிகளில் அரச மரியாதையுடன் 22 மம்மிகள் புதிய பொருட்காட்சி சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டன என்பது ஒரு வாக்கியம். பதினெட்டு மன்னர்களும் நான்கு அரசியரும், இரண்டாம் ராம்சேஸ் உள்ளிட்டோர், ஊர்வலமாகச் சென்றனர் என்பது மற்றொரு வாக்கியம். இரண்டும் ஒரே செய்தியே. ஆனால் இரண்டாவதில் ஆட்கள் இருக்கின்றனர்.

எகிப்திய மம்மிகளைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கொல்கத்தாவின் இந்தியப் பொருட்காட்சி சாலையிலும், ஹைதராபாத்திலும், வடோதராவிலும், ஜெய்ப்பூர் ஆல்பர்ட் மண்டபத்திலும் அவை உள்ளன. ஜெய்ப்பூரில் இருப்பவர் துத்து என்னும் பெண்மணி. இறந்தவரின் பெயர் உச்சரிக்கப்படும் வரையில் அவருக்கு அழிவில்லை என்பது எகிப்தியரின் உறுதியான நம்பிக்கை. அங்குச் செல்லும் நேயர்கள் குழந்தைகளுக்கு, “இதோ மம்மி” என்று காட்டுவதற்கு முன், “இவர் பெயர் துத்து” என்று சொல்லித் தொடங்குவார்களானால், அவரைக் காத்து வைத்தவர்களின் எண்ணம் ஒரு சிறிதேனும் நிறைவேறியதாகும்.